லைன் தப்பில்லை, தம்பி

எங்கள் வீட்டுச் சமையலறைத் தராசு மாவு நிறுக்க வாங்கியது. அதன்மேல் சைக்கிள் டயரை அப்படியே வைத்தால் டயர் எண்ணை மறைத்துவிடும். ஒரு போசியைக் கவிழ்த்து, அதன்மேல் டயரை வைத்து, போசியின் எடையைக் கழித்துப் பார்க்க வேண்டும். 2024 ஆகஸ்டில் ஒரு ராத்திரி அப்படி இரண்டு டயர்களை நிறுத்தேன். ஒன்று 612 கிராம், இன்னொன்று 785. "ரப்பர் நாத்தம் அடிக்குதுங்க, நாளைக்கு இதுலதான் மாவு நிறுக்கணும்" என்று மனைவி சொன்னது காதில் விழுந்தது. மண்டையில் ஏறியது 173 கிராம் மட்டும்தான்.

நாற்பதைத் தாண்டியவன் நான். கோவையில் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் மலைச் சைக்கிள், வருஷத்துக்கு இரண்டு மூன்று 'கிராஸ் கன்ட்ரி' போட்டிகள். வேரும் கல்லும் சேறும் கலந்த ஒரே தடத்தை ஏறி இறங்கிப் பல சுற்று சுற்ற வேண்டும். முதலில் முடிப்பவர் ஜெயித்தவர். 1996 அட்லாண்டாவிலிருந்து இது ஒலிம்பிக்கில் இருக்கிறது. எனக்குப் பித்துப் பிடிக்கவைத்ததும் ஒலிம்பிக்தான். அந்த ஜூலையில், பாரிஸுக்கு அருகே எலான்கூர் குன்றில் நடந்த ஆண்கள் போட்டியை டிவியில் பார்த்தேன். பிரிட்டனின் டாம் பிட்காக்குக்கு நடுவழியில் முன் சக்கரம் பஞ்சர். சக்கரத்தை மாற்றிக்கொண்டு கிளம்பி, முன்னால் போனவர்களை ஒவ்வொருவராகப் பிடித்து, கடைசிச் சுற்றில் பிரான்ஸின் கொரெட்ஸ்கியைத் தாண்டித் தங்கம் வாங்கினார். அதில் நான் கற்றுக்கொண்டது ஒன்றே ஒன்று: பெரிய ஆட்கள் லேசான டயர் போடுகிறார்கள்.

அந்தத் தடம் காய்ந்து கிடந்தது, சரளை பரப்பியது. அங்கே தாழ்ந்த பட்டன் (டயர்மேல் புடைத்திருக்கும் ரப்பர் மொட்டு) உள்ள டயர் போதும். மழை வந்தால் மாற்ற அவர்களுக்கு மெக்கானிக்கும் மாற்றுச் சக்கரமும் உண்டு. எனக்கு இருந்தது ஒரு போசியும் தராசும்.

கணக்கைப் பிறகு போட்டுப் பார்த்தேன். முன்னும் பின்னும் லேசானதைப் போட்டால் மிச்சம் 346 கிராம். நானும் சைக்கிளும் சேர்ந்து 86 கிலோ. நூற்றில் அரைப் பங்குகூட இல்லை. பத்து நிமிஷம் பிடிக்கும் ஏற்றத்தில் இரண்டரை விநாடி லாபம் என்று வையுங்கள். போட்டியன்று காலை நான் சாப்பிட்ட இட்லியில் நான்கைக் குறைத்திருந்தால் பாதி வந்திருக்கும்.

குன்னூரில் ஒரு சைக்கிள் மெக்கானிக் இருக்கிறார். வயசானவர், டயரை விரலால் தடவியே வயசு சொல்லிவிடுவார். என் புது டயரைப் பார்த்துவிட்டு, "பின்னாடி இது இருக்கட்டும் சார். முன்னாடி நல்ல பட்டனாப் போடுங்க. பின் சக்கரம் வழுக்குனா கால ஊனிக்கலாம், முன் சக்கரம் வழுக்குனா மூஞ்சிதான் ஊனணும்" என்றார். சிரித்துவிட்டு வந்தேன். பெரிய டயர் கம்பெனிகளும் இதைத்தான் செய்கின்றன. ஷ்வால்பே முன்னுக்கு 'ரேசிங் ரே', பின்னுக்கு 'ரேசிங் ரால்ஃப்' என்று பேரையே பிரித்து வைத்திருக்கிறது. முன் டயர் திரும்பவும் பிரேக் பிடிக்கவும். பின் டயர் உருளவும் தள்ளவும். இது எனக்குத் தெரியாத விஷயம் இல்லை. தெரிந்துதான் இரண்டிலும் லேசானதைப் போட்டேன். காற்றையும் பழைய பழக்கத்தில் கல்லு மாதிரி அடித்தேன், 32 பவுண்ட். என் எடைக்கும் டயரின் அகலத்துக்கும் இருபதை ஒட்டி இருந்தால் டயர் கல்லை உள்வாங்கி அதன்மேல் படிந்து போகும். 32-இல் ஒவ்வொரு கல்லும் சைக்கிளைத் தூக்கித் தூக்கிப் போடும். அதில் போகிற வேகத்தை எந்த லேசான டயரும் திருப்பித் தராது.

இதுவரை சொன்னது என் வெட்டிப் பெருமை. சொல்ல வந்தது அதுவல்ல.

என்னோடு சைக்கிள் ஓட்ட ஒரு பையன் வருவான். பத்தொன்பது வயசு, கல்லூரி முதல் வருஷம். என்னை அண்ணா என்பான். கடையிலிருந்து வந்த பழைய கனமான டயர்தான் அவன் சைக்கிளில். உயரமான பட்டன், இடைவெளி விட்டுப் பதித்தது. "இது டிராக்டர் டயர்டா, கழட்டு" என்று நான்தான் சொன்னேன். டியூஷன் எடுத்துச் சேர்த்த காசில் என்னுடையதைப் போலவே ஒரு ஜோடி வாங்கினான். மருதமலை அடிவாரத்துக் காய்ந்த மண்ணில் இருவரும் பறந்தோம். ஏற்றத்தில் அவன் எனக்கு முன்னால்.

போட்டி அக்டோபர் கடைசியில், கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில். வடகிழக்குப் பருவமழை அந்தப் பக்கத்துக்குத்தான் நன்றாகப் பெய்யும் என்பது நீலகிரியில் குழந்தைக்கும் தெரியும். முந்தின நாள் மத்தியானம் பிடித்த மழை ராத்திரி வரை விடவில்லை. ஒன்பது மணிக்குப் பையன் போன் பண்ணினான்.

"அண்ணா, பழைய முன் டயர எடுத்துட்டு வரட்டுமா? காலையில மாட்டிக்கலாம்."

"வேண்டாம்டா. மண்ணு தண்ணிய இழுத்துக்கும். லேசா இருக்கறதுதான் நல்லது."

பொய். அந்தச் செம்மண் தண்ணீரை இழுக்காது, குழைந்து களியாகும். நெருக்கமாகப் பட்டன் வைத்த டயரில் அப்பிக்கொண்டு அதை மொட்டை டயர் ஆக்கிவிடும். இடைவெளி விட்ட பட்டன்தான் சுழலும்போது சேற்றை உதறும். அதற்கு முந்தின வருஷம் இதே மண்ணில் நானே வழுக்கி விழுந்திருக்கிறேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்? என்னிடம் மாற்று முன் டயர் இல்லை. அவன் அதைப் போட்டுக்கொண்டு வந்தால் இறக்கத்திலும் என்னை விட்டுவிட்டுப் போவான். அவ்வளவுதான் காரணம். அவன் ஓடியது இளைஞர் பிரிவில், நான் மூத்தோர் பிரிவில். அவன் முந்தினாலும் என் இடம் மாறப்போவதில்லை. அது தெரிந்தும் அப்படிச் சொன்னேன்.

இரண்டாம் சுற்றில் என் பின் டயரின் பக்கவாட்டை ஒரு கல் கிழித்தது. உள்ளே ஊற்றிய சீலன்ட் முள் குத்திய ஓட்டையை அடைக்கும்; கிழிசலை அடைக்காது. வெள்ளையாகப் பால் பீய்ச்சிக்கொண்டே காற்று இறங்கியது. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே இறங்கினேன். தடத்தின் குறுக்கே ஒரு வேர், மழையில் நனைந்து பளபளத்தது. அதற்குக் கீழே பையன் உட்கார்ந்திருந்தான். இடது கையை வலது கையால் தாங்கிப் பிடித்திருந்தான். தோளுக்கும் கழுத்துக்கும் நடுவே எலும்பு தோலைத் தூக்கிக்கொண்டு நின்றது.

"லைன் தப்பா எடுத்துட்டேன்ணா" என்றான். லைன் என்றால் சக்கரத்தை விடத் தேர்ந்தெடுக்கும் வழி.

அவன் சைக்கிள் பக்கத்தில் கிடந்தது. முன் டயர் முழுக்கச் செம்மண், பிசைந்த ராகி மாவை வழித்து அப்பியது மாதிரி. பட்டன் ஒன்றுகூட வெளியே தெரியவில்லை. நான் பேசிக்கொண்டே கட்டைவிரலால் அந்த மண்ணைச் சுரண்டினேன், யாரும் பார்ப்பதற்குள் பட்டனை வெளியே கொண்டுவரப் பார்ப்பவன்போல.

"ஆமாடா. லைன் தப்புதான். வேர நேராக் கடந்திருக்கணும்" என்றேன்.

அவன் நேராகத்தான் கடந்திருந்தான். சக்கரத் தடம் சேற்றில் கோடு போட்டது மாதிரி கிடந்தது. வேருக்குச் செங்குத்தாக வந்து, வேரைத் தாண்டியதும் பக்கவாட்டில் இழுபட்டிருந்தது. நான் பார்த்தேன். அவன் பார்க்கவில்லை.

காறை எலும்பு முறிவு. ஆறு வாரம் கையில் கட்டு இருந்தது, செய்முறைத் தேர்வு போனது. பார்க்கப் போனேன். அவன் அம்மா காபி கொடுத்துவிட்டு, "அண்ணன் கூடப் போறான்னுதான் சாமி நிம்மதியா அனுப்புனேன்" என்றார். காபியைக் குடித்தேன். என் தோல்வியை விசாரித்தவர்களிடமெல்லாம் "பஞ்சர் ஆயிடுச்சுங்க, பிட்காக்குக்கே ஆச்சு" என்று சொல்லிச் சிரித்தேன். பையனைப் பற்றிக் கேட்டவர்களிடம், "சின்னப் பையன், லைன் பார்க்கத் தெரியல" என்றேன்.

இப்போது என் முன் சக்கரத்தில் நல்ல பட்டன் டயர் இருக்கிறது, காற்று 20 பவுண்ட். மழைக்கு ஒன்று தனியாக வீட்டில் தொங்குகிறது. தராசில் எதையும் ஏற்றுவதில்லை. பையன் மறுபடி ஓட்டுகிறான். டயர் பற்றி இன்னும் என்னிடம்தான் கேட்கிறான், நானும் இப்போது சரியாகச் சொல்கிறேன். அந்தப் போன் பேச்சை மட்டும் இருவரும் எடுப்பதில்லை. அவன் மறந்திருக்கலாம்.

அவன் அப்பா இந்தப் பத்திரிகைக்குச் சந்தா கட்டியவர். அடுத்த வாரம் இது அவர்கள் வீட்டுக்குப் போய்ச் சேரும்.