வர்ணம் தவறிய கோழி

கோழிகளுக்கென்று ஒரு சட்டப் புத்தகம் இருக்கிறது என்று யாராவது சொன்னால் நேயர்கள் நகைப்பார்கள். நானும் நகைத்தவன்தான். அமெரிக்காவில், ஒஹையோ மாகாணத்தில், அந்தச் சட்டப்படி நடந்த ஒரு சபையில் அரை நாள் நின்ற பிறகு என் நகைப்பு அடங்கிவிட்டது.

மாகாணத் தலைநகரான கொலம்பஸில் என் தம்பி உத்தியோகம் பார்க்கிறான். சென்ற ஐப்பசியில் அவனிடம் போயிருந்தேன். ஒரு சனிக்கிழமை காலை என்னை மோட்டாரில் ஏற்றிக்கொண்டு, "அண்ணா, பள்ளிக்கூடப் பரீட்சைகளை எவ்வளவோ பார்த்துவிட்டீர்கள். இன்று கோழிகளின் பரீட்சையைப் பாருங்கள்" என்றான். வழி நெடுக மேடு பள்ளம் இல்லாத சமபூமி. காய்ந்து பொன்னிறமாக நிற்கும் மக்காச்சோளக் கொல்லைகள். நடுநடுவே செவ்வண்ணம் பூசிய மரக் களஞ்சியங்கள். ஒரு மணி நேரத்தில் ஒரு சிற்றூரின் சந்தை மைதானத்தை அடைந்தோம்.

நீண்ட கொட்டகை, அதற்குள் வரிசை வரிசையாகக் கம்பிக் கூண்டுகள். ஒவ்வொன்றிலும் மரச்சீவல் பரப்பி, அதன்மேல் ஒரு கோழி. ஒரு சேவல் கூவினால் நூறு சேவல்கள் பதில் சொல்லும். கோழிகளைச் சோப்புப் போட்டு நீராட்டி உலர்த்திக் கொண்டுவந்திருந்தார்கள். ஒருவர் பல் துலக்கும் பிரஷால் தம் சேவலின் நகத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தார். இன்னொருவர் கொண்டையில் வாஸலைன் தடவிக்கொண்டிருந்தார். நம் வீடுகளில் மணப்பெண்ணுக்குக்கூட இவ்வளவு சிரத்தையான அலங்காரம் நடக்குமோ என்னவோ!

1873-ஆம் ஆண்டில் நியூயார்க் மாகாணத்துப் பபலோ நகரில் அமெரிக்கக் கோழி வளர்ப்போர் ஒன்றுகூடி ஒரு சங்கம் கண்டனர். மறு ஆண்டே அவர்களுடைய சட்டப் புத்தகம் வெளிவந்தது. கொண்டையில் எத்தனை கூர், காது மடல் என்ன நிறம், கால் என்ன நிறம், எடை எவ்வளவு என்று ஒவ்வொரு ஜாதிக்கும் அதில் விதி உண்டு. மொத்த மார்க்கு 100. ஒவ்வொரு ஜாதியிலும் எந்தெந்த வர்ணங்கள் செல்லும் என்பதும் அதிலேயே எழுதியிருக்கிறது.

முதல் வரிசையில் கருஞ்சிவப்பு நிறத்தில் சில கோழிகள் கம்பீரமாக நின்றன. "பக்கை" என்று பெயர். ஒஹையோவில் வளரும் ஒரு மரத்தின் கொட்டையை ஒத்த நிறம். அதனால் வந்த பெயர். வாரன் என்னும் ஊரில் வாழ்ந்த நெட்டி மெட்காப் என்ற அம்மையார், பல ஜாதிகளைக் கலந்து பொறுமையுடன் உருவாக்கிய இனம் இது. 1904-ல் புத்தகத்தில் ஏறியது. அதுவரை அதுவும் சட்டத்துக்கு வெளியே நின்ற கோழிதான்!

கொட்டகையின் கடைசி வரிசைக்கு வந்தோம். "ஏனைய வர்ணங்கள்" என்று அங்கே எழுதியிருந்தது. ஒரு கூண்டின் முன்னே ஒரு மூதாட்டியும் அவருடைய பேத்தியும் நின்றார்கள். பெண்ணுக்குப் பன்னிரண்டு வயதிருக்கும். கூண்டில் ஓர் அழகிய விடைக்கோழி. அழுக்கு வெள்ளையில் யாரோ மைக்கூட்டை உதறியது போன்ற கருநீலத் துளிகள்.

இந்த ஜாதி ஸ்பெயின் தேசத்து ஆண்டலூசியாவின் பெயரைத் தாங்கியது. சட்டம் இதற்கு ஒப்பியது நீலம் ஒன்றையே. நீலம் என்றால் ஆகாய நீலம் அன்று. மழை மேகத்தின் சாம்பல் நிறம்.

நடுவர் வந்தார். கோழியைக் கையில் ஏந்தி எடை பார்த்தார், சிறகை விரித்தார், கொண்டையின் கூர்களை எண்ணினார். "உருவத்தில் குறையே இல்லை. இன்று நான் பார்த்த ஆண்டலூசியன் கோழிகளில் இதுவே சிறந்த அமைப்பு" என்றார். அந்தக் கடைசி வரிசைக்கு உரிய ரிப்பனைக் கூண்டில் கட்டினார். பெரிய பரிசுக்கு அனுப்ப விதி இல்லை என்று வருத்தத்தோடு சொல்லி நகர்ந்தார்.

பேத்தியின் கண்கள் கலங்கின. "பாட்டி, இதன் தாயும் தகப்பனும் முதல் வரிசையில் பரிசு வாங்கியவை. இது மட்டும் என்ன குற்றம் செய்தது?" என்று கேட்டாள்.

கேள்வி என்னைத் தைத்தது. ஏனெனில் அதற்கு விஞ்ஞானம் தெரிந்த விடை உண்டு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கேம்பிரிட்ஜில் பேட்ஸன், பன்னெட் என்ற இரு அறிஞர்கள், மெண்டல் பட்டாணியில் கண்ட பரம்பரை விதியை இந்தக் கோழியிலும் ஆராய்ந்தார்கள். நீலத்தோடு நீலத்தைச் சேர்த்தால் 100 குஞ்சுகளில் ஏறக்குறைய 50-தான் நீலம், 25 கறுப்பு, 25 இந்தத் துளி வெள்ளை. எத்தனை தலைமுறை பொறுக்கி வளர்த்தாலும் இக்கணக்கு மாறாது. ஆனால் ஒதுக்கப்பட்ட கறுப்பையும் துளி வெள்ளையையும் சேர்த்துவிட்டால், பிறக்கும் குஞ்சுகள் அத்தனையும் நீலம்! சட்டம் விரும்பும் வர்ணத்தை முழுமையாகத் தரக்கூடியவை, சட்டம் விலக்கிய இரண்டுமே.

மூதாட்டிக்கு இது புத்தகம் படித்து வந்த அறிவன்று. கோழிக்கூட்டில் கண்ட அறிவு. "கண்ணே, வசந்தத்தில் இதை நம் கறுப்புச் சேவலோடு விடுவோம். பிறகு பார்" என்றார்.

"சட்டத்தையே மாற்றக்கூடாதா?" என்று நான் கேட்டேன். அவர் சிரித்தார். "மாற்றலாம். பலர் சேர்ந்து ஐந்து வருஷமாவது வளர்த்துக் காட்ட வேண்டும். ஐம்பது கோழிகளை ஒரே சபையில் நிறுத்த வேண்டும். கஷ்டந்தான். ஆனாலும் சட்டமே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். அது இல்லாவிட்டால் அவரவர் மனம்போல் கலந்து, நாலு தலைமுறையில் ஆண்டலூசியன் என்ற பெயர் மட்டுமே மிஞ்சும். விதி இருக்கட்டும், விதிக்கு வெளியே இருப்பதைக் கொன்றுபோடாமல் இருந்தால் போதும்."

கொன்றுபோடுவதும் உண்டு என்று அப்பொழுதுதான் எனக்குத் தெரிந்தது. பரிசுக்கு உதவாத வர்ணத்தைக் குஞ்சிலேயே கழித்துவிடுவோர் இருக்கிறார்களாம்.

மாலையில் கூண்டுகள் காலியாயின. அந்தப் பெண் விடைக்கோழியை மார்போடு அணைத்துக்கொண்டு எங்களைக் கடந்து போனாள். ரிப்பன் அவள் சட்டைப் பையில் இருந்தது. அடுத்த ஆண்டு முதல் வரிசையில் ஒரு நீலக் கோழி பரிசு பெறலாம். அதன் தாய் கடைசி வரிசையில் நின்றவள் என்பது சபைக்குத் தெரியாமலும் போகலாம்.

திரும்பும் வழியில் தம்பி, "என்ன அண்ணா, பேச்சே இல்லை?" என்றான். இருபது வருஷங்களாக நான் திருத்திய பரீட்சைத் தாள்களை எண்ணிக்கொண்டிருந்தேன். பாடத் திட்டத்தில் இல்லாத நல்ல விடை எழுதிய பிள்ளைகள் எத்தனை பேருக்குச் சைபர் போட்டேனோ!