அம்மாவின் முட்டிக்கு ஒரு ஸாரி!

மூணு வருஷம் மெக்கானிக்கல் படிச்சும் எங்கம்மாவோட முழங்காலை நான் தப்பாத்தான் புரிஞ்சு வெச்சிருந்தேன்.

அம்மாவுக்கு ஜவுளிக்கடையில சேல்ஸ் வேலை. காலை பத்துல இருந்து ராத்திரி ஒன்பது வரை நின்னுட்டே இருக்கணும். 'மூட்டுத் தேய்மானம் ஆரம்பிக்குது'ன்னு டாக்டர் சொன்னதும், நான் மேதாவி மாதிரி, "இரும்புக் கம்பியையே திரும்பத் திரும்ப வளைச்சா ஒடிஞ்சிடும்மா. ஞாயித்துக்கிழமையாவது அசையாம படு"ன்னுட்டேன். அம்மாவும் நம்பிப் படுத்தாங்க.

அப்புறம்தான் ஒரு செமினாருக்காக குருத்தெலும்பு பத்திப் படிச்சேன். மூட்டுல எலும்பு முனையை மூடியிருக்கிற வழவழப்பான மெத்தை அது. உள்ளே ரத்தக்குழாய் கிடையாது. நரம்பும் கிடையாது, தேய ஆரம்பிச்சாலும் வாய்விட்டுச் சொல்லாது. சாப்பாடு மூட்டுத் திரவத்துல இருந்து ஊறித்தான் வரணும். நடக்கும்போது ஸ்பாஞ்ச் மாதிரி அமுங்கி விடுபடுறது அதுக்கு உதவுது.

உள்ளே இருக்கிற செல்களுக்கு அமுக்கம் எப்படித் தெரியுது? செல் சவ்வுல குட்டிக் கதவுகள் இருக்கு. சவ்வு இழுபட்டா கதவு திறந்து கால்சியம் உள்ளே பாயும். அதுதான் செல்லுக்குத் தந்தி! அதுல பீசோ-1, பீசோ-2ன்னு ரெண்டு கதவுகள் 2010-ல தெரியவந்துச்சு. கண்டுபிடிச்ச ஆர்டெம் படாபூட்டியன், 2021-ல மருத்துவ நோபல் பரிசைப் பகிர்ந்துக்கிட்டார். அளவுக்கு மீறி நசுங்கினா, இந்த பீசோ வழியா கால்சியம் வெள்ளமா புகுந்து செல்லே சாகலாம்.

இன்னொரு விஷயம்தான் என்னை உலுக்கிடுச்சு. லேப்ல குருத்தெலும்புத் துண்டை விடாம அமுக்கியே வெச்சா, செல்கள் மெத்தைக்கான சரக்கைத் தயாரிக்கிறதைக் குறைச்சுக்குது. நடக்கிற வேகத்துல அமுக்கி அமுக்கி விட்டா, உற்பத்தி கூடுது. இரும்புக்கு எமன், இதுக்கு சோறு!

ஆறு நாள் ஒரே நிலையில நின்ன முட்டியை, ஏழாவது நாளும் நடக்க விடாம செஞ்சது நான்தான். ஸாரி கேட்டேன். இப்போ டாக்டர் சொன்ன அளவுக்கு ஞாயிறு காலையில ரெண்டு பேரும் மெதுவா நடக்கிறோம்.

கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தரணும்னு 2021-ல தமிழ்நாட்டுல சட்டமே வந்தாச்சு. அம்மா கவுன்ட்டர்லயும் ஒரு ஸ்டூல் இருக்கு. ஆனா, கஸ்டமர் எதிர்ல உட்கார அம்மாவுக்குக் கூச்சம். அடுத்த தடவை துணி எடுக்கப் போனா, "உட்காருங்கக்கா, பார்த்துட்டுச் சொல்றோம்"னு ஒரு வார்த்தை சொல்லுங்களேன். உட்கார்ந்து எழுந்தா அதுவும் ஒரு அசைவுதானே!