காற்றின் வேலை

அக்கா மகனும் நானுமாக மூன்று வாரம் ஒரு லாரி செய்துகொண்டிருந்தோம். லெகோ நிறுவனம் 2015இல் வெளியிட்ட, மெர்சிடிஸ் பென்ஸ் ஆரோக்ஸ் 3245 லாரியின் மாதிரி. 2,793 துண்டுகள். யாரோ விளையாடிச் சலித்து விற்றதை மச்சான் வாங்கி வந்திருந்தார். முன்னால் இரண்டு அச்சுகளும் திரும்பும். சக்கரம் உருண்டால் ஆறு பிஸ்டன்கள் ஏறி இறங்கும். ஒரே மோட்டார் பல்சக்கரங்கள் வழியாகத் தொட்டியைத் தூக்கும், பக்கவாட்டுக் கால்களை ஊன்றும், சிறு பம்பு ஒன்றையும் ஓட்டும். அந்தப் பம்பின் காற்றில் கிரேனின் கை எழவேண்டும்.

எழவில்லை.

நாமக்கல்லில் லாரி மாதிரிகளுக்குப் பஞ்சமில்லை. கண்ணாடிப் பெட்டிக்குள் தகர லாரியை வைத்திருக்கும் அலுவலகங்கள் உண்டு. வர்ணம், பம்பர், பின்பலகை எழுத்து எல்லாம் தத்ரூபம்; எதுவும் வேலை செய்யாது. இந்தத் தத்ரூபத்தைத்தான் நம் நாவல்களில் யதார்த்தம் என்று கொண்டாடுகிறோம் என்று நான் எழுதியதுண்டு. லெகோ மாதிரி இதற்கு நேர்மாறு. அருகில் பார்த்தால் உடம்பெல்லாம் ஓட்டை, ஆனால் இயங்குகிறது. (அந்த நிறுவனத்தை 1932இல் டென்மார்க்கின் பிலுண்டில் தொடங்கியவர் ஒரு தச்சர். பாடி கட்டும் பட்டறைகளைப் பார்த்து வளர்ந்தவனுக்கு இது ஆச்சரியமில்லை.) ஆகவே நான் அதன் கட்சி.

ஆனால் அதற்குள்ளும் ஒரு பொய் இருந்தது. நிஜ லாரியில் கிரேனைத் தூக்குவது எண்ணெய். எண்ணெய் அமுங்காது, நிறுத்திய இடத்தில் கை நிற்கும். காற்றின் வேலை பிரேக்கில். வண்டி நிற்கும்போது சக்கரத்தைப் பிடித்திருப்பது ஒரு வலுத்த ஸ்பிரிங். காற்று அதைப் பின்னுக்குத் தள்ளினால்தான் வண்டி நகரும், காற்றுப் போனால் நின்றுவிடும். மாதிரியில் பிரேக்கே இல்லை. இதையெல்லாம் பையனுக்கு விளக்கிக்கொண்டிருந்தேன். கிரேன் படுத்தே கிடந்தது.

அப்பா வந்து உட்கார்ந்தார். திருச்செங்கோட்டு ரிக் வண்டிகளில் இருபது வருஷத்துக்கு மேல் கம்ப்ரஸர் பார்த்தவர். அங்கே காற்றே பாறையை உடைக்கிறது. சதுர அங்குலத்துக்கு 300 பவுண்டு வரையிலான அழுத்தத்தில் குழாய் வழியே இறங்கி, அடியிலுள்ள சுத்தியலை அடிக்கவைத்து, உடைந்த தூளையும் வாரிக்கொண்டு மேலே வருகிறது. ஆந்திரா, மத்தியப் பிரதேசம் என்று அந்தக் கம்ப்ரஸருக்குப் பக்கத்தில் நின்றே அவருடைய காது போயிற்று. அந்தப் பணத்தில் நான் ஆங்கில இலக்கியம் படித்தேன். துளை போடும் இடத்துக்கு ஒருமுறைகூடப் போய் நின்றதில்லை. எழுதியவற்றில் அந்தச் சத்தம் ஒரு வரியிலும் இல்லை.

பையன் மோட்டாரைப் போட்டான். காற்று சீறுவது எங்கள் இருவருக்கும் கேட்டது. எந்த இணைப்பில் என்று தெரியவில்லை. அப்பாவுக்குச் சீறலே கேட்கவில்லை. விரலை எச்சில் தொட்டு ஒவ்வொரு குழாய் முனையிலும் வைத்துப் பார்த்தார்.

“கொஞ்சம் சோப்புத் தண்ணி கொண்டா சாமி.”

மூன்றாவது இணைப்பில் குமிழி வந்தது. முனை பழசாகி விரிந்திருந்தது. கால் அங்குலம் நறுக்கிவிட்டு மறுபடி செருகினார். கை எழுந்தது. எழுந்து, நிற்காமல் தளும்பியது.

“இதுக்கு எண்ணெய் ஊத்தலியாடா?” என்றார் என்னைப் பார்த்து. “காத்துன்னா அடிக்கும். தாங்கி நிக்காது.”

நான் பத்து நிமிஷம் பேசிய விஷயம்.

“அப்புச்சி, ரிக்குல காத்து எப்பிடிக் கல்லை ஒடைக்கும்?” பையன் கத்தித்தான் கேட்கவேண்டியிருந்தது. அப்பா மீந்து கிடந்த துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாகச் செருகி, குழாய் இறக்குவதிலிருந்து ஆரம்பித்தார். நான் மோட்டாரை நிறுத்திவிட்டு உட்கார்ந்தேன்.