அழைப்புக்குக் காத்திருக்கிறோம்

மும்பையில் நடைபெறும் ‘லாக்மே ஃபேஷன் வீக்’ என்னும் ஆடை அலங்கார விழாவைச் சென்று காண்பதென எங்கள் இல்லத்தில் தீர்மானித்துள்ளோம். புசாவலிலிருந்து மும்பை சுமார் 440 கிலோமீட்டர். பயணத்திற்கு ரயில்வே பாஸ் உண்டு. ஏனைய செலவுக்கு, எங்கள் இல்லத்தரசி ரவிக்கை தைத்துச் சேர்த்த பணம் உண்டு. அது ஓவர்லாக் இயந்திரம் வாங்குவதற்கென ஒதுக்கியது. ஆகவே இப்பயணம் வெறும் வேடிக்கையன்று.

இவ்விழா சினிமாக் கொட்டகை போன்றதன்று. காசு நீட்டினால் சீட்டுக் கிடைத்துவிடாது. மேடைக் காட்சிகளுக்குப் பெரும்பாலும் அழைப்புப் பெற்றவரே செல்லலாம். மொத்தக் கொள்முதல் செய்வோர், பத்திரிகையாளர், வடிவமைப்பாளரின் வாடிக்கையாளர் ஆகியோருக்கே முதலிடம். விழா எப்போதும் மும்பையிலேயே நடப்பதுமில்லை. 2023 அக்டோபரில் தில்லியில் நடைபெற்றது. ஆதலின், தேதியும் இடமும் அறிவிக்கப்பட்ட பின்னரே பாஸுக்கு மனுச் செய்வோம். அழைப்புக் கோரி உடனே எழுதுவோம்.

அழைப்பு வாராவிடில்? தங்குவதற்குத் தாராவியில் உறவினர் இல்லம் இருக்கிறது. மங்கள்தாஸ் மார்க்கெட்டில் துணிகளைத் தொட்டுப் பார்ப்போம். சத்ரபதி சிவாஜி மகாராஜ் அருங்காட்சியகத்தில் பழங்கால ஆடைகளின் நுண்வேலையைக் காண்போம். வந்த வழிக்கு அதுவே பயன்.

இயந்திரம் வாங்குவது ஓராண்டு தள்ளிப்போகும். ஆயினும், பிறர் கொணரும் படத்தைப் பார்த்தே இதுகாறும் தைத்து வந்த கைகள், அவ்வாடைகளை ஒருமுறையேனும் அருகிருந்து காணவேண்டும் என்பதே எங்கள் துணிபு.