மக்கும் என்றால் எங்கே, எத்தனை நாளில்?

பௌர்ணமிக்கு மறுநாள் விடியற்காலையில் திருவண்ணாமலை கிரிவலப் பாதையைப் பார்க்க வேண்டும். இரவு முழுக்க 14 கிலோமீட்டருக்கும் தலைகளாக நகர்ந்த பாதையில் அப்போது துடைப்பச் சத்தம்தான் கேட்கும். ராஜகோபுரத்தில் தொடங்கி இந்திர லிங்கம், அக்னி லிங்கம், ரமணாசிரமம் தாண்டி எம லிங்கம் வரை செங்கம் சாலை. அதன்பிறகு வலப்பக்கம் திரும்பினால் நிருதி லிங்கம், அடி அண்ணாமலை என்று மலையின் முதுகுப்புறம் வந்துவிடும். அந்தப் பக்கம் வயல்களும் இருக்கின்றன, மாடுகளும் மேய்கின்றன.

தூய்மைப் பணியாளர்கள் கூட்டிச் சேர்க்கும் குவியலில் வாழை இலை, பாக்குமட்டைத் தட்டு, தொன்னை, பூ, எலுமிச்சம்பழம், தேங்காய் நார் எல்லாம் கிடக்கும். இவற்றைப் பற்றி எந்த விவசாயிக்கும் கவலை இல்லை. எருக்குழியில் போட்டால் தானே எருவாகிவிடும். கவலை தருவது, அவற்றோடு சேர்ந்து வரும் மெல்லிய பால் நிறப் பைகளும் பேப்பர் கப்புகளும்தான். பையில் பச்சை நிறத்தில் ஓர் இலைப் படம், கீழே ‘மக்கும் பை’ என்று ஒரு வரி.

“அண்ணே, இது மக்குமா?” என்று கடையில் கேட்டால், “அதான் பையிலேயே போட்டிருக்கே, சோள மாவுல செஞ்சதும்மா” என்று பதில் வரும். கடைக்காரரைக் குறை சொல்ல முடியாது. அவரிடம் விற்றவர் சொன்னதைத்தான் அவரும் சொல்கிறார்.

தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் பிளாஸ்டிக் பொருள்கள் 14 வகை தடை செய்யப்பட்டன. கைப்பை, பிளாஸ்டிக் பூசிய பேப்பர் கப், தட்டு, துணிபோலவே தெரியும் நான்-ஓவன் பை எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. தீபத் திருவிழாவில் துணிப்பையோடு வந்த பக்தர்களுக்குக் குலுக்கலில் தங்கக் காசு, வெள்ளிக் காசு கொடுத்த ஆண்டுகளும் உண்டு. இவ்வளவு கெடுபிடிக்கு நடுவே சில பொருள்களுக்கு விலக்கும் கிடைத்தது. அவற்றில் ஒன்று, உரிய தரநிலைக்கு உட்பட்டு, ‘கம்போஸ்டபிள்’ என்ற முத்திரையோடு வரும் பை. வாசல் ஒன்று திறந்திருந்தால் அதன் வழியாக யார் யாரோ நுழையத்தான் பார்ப்பார்கள்.

அந்தத் தரநிலையின் பெயர் ஐ.எஸ்./ஐ.எஸ்.ஓ. 17088. அதன்படி பையைச் சூடான உரக்குவியலில் வைத்துச் சோதிப்பார்கள். 12 வாரம் கழித்து 2 மில்லிமீட்டர் சல்லடையில் சலித்தால், போட்ட எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் மேலே தங்கக் கூடாது. 180 நாளுக்குள் அதிலுள்ள கரிமத்தில் 90 சதவீதம் கரியமில வாயுவாக மாறியிருக்க வேண்டும். கன உலோகங்கள் வரம்பைத் தாண்டக் கூடாது. அந்த உரத்தில் விதை போட்டால் ஒழுங்காக முளைக்கவும் வேண்டும். நல்ல சோதனைதான். ஆனால் இதெல்லாம் நடப்பது சுமார் 58 டிகிரி செல்சியஸ் சூட்டில். விவசாயி கவனிக்க வேண்டிய இடம் இதுதான்.

58 டிகிரி என்பது கை வைக்க முடியாத சூடு. சாணம், தழை, ஈரம், காற்று நான்கும் சரியாக அமைந்து, ஒரு மீட்டருக்குக் குறையாத உயரத்தில் குவித்த உரக்குவியல் இந்தச் சூட்டை எட்டும். ஆனால் சில நாளில் இறங்கிவிடும். தொழில்முறை உரக்கூடத்தில் அதைக் கிளறிக் கிளறி வாரக்கணக்கில் காப்பாற்றுவார்கள். வீட்டுக் கொல்லையில் தினமும் ஒரு கூடை சாணம் கொட்டும் எருக்குழி அவ்வளவு சூடாவதே இல்லை. மண்புழு உரத் தொட்டியைப் பற்றிப் பேசவே வேண்டாம். 35 டிகிரியைத் தாண்டினாலே புழு செத்துவிடும். ஆக, முறையாகச் சான்று பெற்ற பையே ஆனாலும், மண்புழுத் தொட்டியில் அது மக்கும் என்று நம்பிப் போட இடமில்லை.

சோளத்திலிருந்து செய்தது என்பதிலும் பாதிதான் உண்மை. சோள மாவுச்சத்தைப் புளிக்க வைத்து அதில் கிடைக்கும் லாக்டிக் அமிலத்திலிருந்து பி.எல்.ஏ. என்ற பொருளைச் செய்கிறார்கள். பை கிழியாமல் இழுபட வேண்டும் என்பதற்காக அதோடு பி.பி.ஏ.டி. என்ற இன்னொன்றைக் கலப்பார்கள். அது பெரும்பாலும் பெட்ரோலியத்திலிருந்து வருவது. இரண்டும் சரியான சூட்டில் மக்கும் என்பது உண்மை. பி.எல்.ஏ. வயல் மண்ணின் சூட்டில் ஆண்டுக்கணக்கில் அப்படியே கிடக்கும் என்பதும் உண்மை.

திருவண்ணாமலைக்கு இதில் தனிச் சிக்கல் ஒன்று உண்டு. குப்பை மிக அதிகமாகச் சேர்வது கார்த்திகை தீபத்தின்போது. அது வடகிழக்குப் பருவமழைக் காலம். திறந்த வெளியில் நனைந்து சொதசொதவென்று கிடக்கும் குவியலுக்குள் காற்றும் போகாது, சூடும் ஏறாது. பை மக்குவதற்கு எந்த நேரத்தில் நல்ல சூடு வேண்டுமோ, அந்த நேரத்தில்தான் அது கிடைக்காமல் போகிறது.

சான்று பெற்ற பைக்கே இந்தப் பாடு என்றால், சான்றில்லாத பை இன்னும் மோசம். சாதாரண பாலிதீனில் உலோக உப்பு கலந்து ‘ஆக்ஸோ’ என்ற பெயரில் விற்பதுண்டு. வெயில் பட்டால் அது நொறுங்கும், கண்ணுக்கு மறைந்த மாதிரியும் இருக்கும். ஆனால் மக்கியிருக்காது, பொடியாகியிருக்கும். ஐரோப்பிய ஒன்றியம் 2021-ல் இந்த வகையை மொத்தமாகத் தடை செய்துவிட்டது.

முத்திரையில் வெறும் ‘மக்கும்’ என்ற சொல் போதாது என்பதை இந்தியச் சட்டமும் ஒப்புக்கொண்டிருக்கிறது. பிளாஸ்டிக் கழிவு மேலாண்மை விதிகளில் 2024 மார்ச்சில் வந்த திருத்தம், கம்போஸ்டபிள் பொருள் தொழில்முறை உரமாக்கலில் மட்டுமே மக்கும் என்று முத்திரையிலேயே தெரிவிக்கச் சொல்கிறது. ‘பயோடிகிரேடபிள்’ என்று விற்பவர் எத்தனை நாளில், மண்ணிலா தண்ணீரிலா, எங்கே மக்கும் என்று சொல்லியாக வேண்டும். கம்போஸ்டபிள் பையில் உற்பத்தியாளர் பெயரும், மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கொடுத்த சான்றிதழ் எண்ணும் இருக்க வேண்டும் என்பது 2016 முதலே உள்ள விதி. வெறும் இலைப் படம் மட்டும் இருந்து, எண் இல்லை என்றால் அந்தப் பையை வாங்க வேண்டியதில்லை.

வெளிநாட்டில் இன்னும் ஒரு படி மேலே போயிருக்கிறார்கள். ஆஸ்திரேலியாவில் வீட்டு உரக்குழியில் மக்கும் பொருளுக்கென்றே ஏ.எஸ். 5810 என்று தனித் தரநிலை வைத்திருக்கிறார்கள். அதில் மண்புழுவுக்குத் தீங்கு வருகிறதா என்ற சோதனையும் அடக்கம். பிரான்சில் பழம், காய்கறி மீது ஒட்டும் சின்னஞ்சிறு ஸ்டிக்கர்கூட 2022 முதல் வீட்டு உரத்தில் மக்கக்கூடியதாக இருக்க வேண்டும். சூடான உரக்கூடம் இல்லாத ஊர்களே அதிகமுள்ள இந்தியாவுக்கு இந்த இரண்டாவது முத்திரைதான் முதலில் தேவை.

கடலைக்காரர்களுக்கு இது வெறும் சுற்றுச்சூழல் பேச்சு இல்லை. பூ உதிர்ந்த பிறகு கடலையின் விழுது மண்ணுக்குள் இறங்க வேண்டும். மண்ணில் பிளாஸ்டிக் ஏடு இருந்தால் அந்த இடத்தில் விழுது முட்டி நிற்கும். அறுவடையில் செடியைப் பிடுங்கும்போது துண்டுகள் கொடியோடு சேர்ந்து வரும். அந்தக் கொடிதான் மாட்டுக்குத் தீவனம். இரைப்பையில் சேர்ந்த பிளாஸ்டிக் சாணத்தில் வெளியே வந்துவிடாது.

நகரக் குப்பை உரத்துக்கு உரக் கட்டுப்பாட்டு ஆணையில் தரம் வகுத்திருக்கிறார்கள். 90 சதவீதமாவது 4 மில்லிமீட்டர் சல்லடையில் இறங்க வேண்டும். கரிமம் 12 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. ஈயம் கிலோவுக்கு 100 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. ஆனால் 4 மில்லிமீட்டர் சல்லடையில் நொறுங்கிய பிளாஸ்டிக்கும் தாராளமாக இறங்கும். அதனால் நுண் உரமாக்கும் மையத்தில் உரம் எடுக்கப் போகிறவர்கள் ஒரு பக்கெட் தண்ணீரில் இரண்டு கைப்பிடி உரத்தைக் கரைத்துப் பார்ப்பது நல்லது. சருகும் மிதக்கும்தான், ஆனால் விரலில் எடுத்துக் கசக்கினால் நசுங்கிவிடும். பிளாஸ்டிக் துண்டு நசுங்காமல் அப்படியே நிற்கும்.

பையைச் சோதிக்கவும் வழி இருக்கிறது. பழைய வெங்காய மூட்டை வலையில் ‘மக்கும் பை’யில் ஒரு துண்டு, பாக்குமட்டைத் தட்டில் ஒரு துண்டு, ஒரு பேப்பர் கப் மூன்றையும் போட்டுக் கட்டி எருக்குழியின் நடுவில் புதைக்கலாம். கயிற்றை மட்டும் வெளியே விட்டுவைத்து 12 வாரம் கழித்து இழுத்துப் பார்க்க வேண்டும். மட்டை கையோடு உதிர்ந்து வரும். பேப்பர் கப்பில் காகிதம் போய், உள்ளே பூசியிருந்த பிளாஸ்டிக் தோல் மட்டும் கப் வடிவத்திலேயே நிற்கும். மூன்றாவது துண்டு என்ன ஆனது என்பது அவரவர் குழியின் சூட்டைப் பொறுத்தது.

கார்த்திகை தீபத்தன்று புதைத்தால், மாசி கடைசிக்குள் வலையை எடுத்துவிடலாம்.