கல்லின் முறையீடு

கல்லுக்கு ஈரமில்லை என்பது உலக வழக்கு. கல்லுக்கும் ஒரு மனக்குறை உண்டு என்பதை நான் என் 68-ஆம் வயதில், அதுவும் ஒரு சிறுவர் விளையாட்டின் வாயிலாக அறிந்தேன்.

தில்லியில் எங்களோடு வளரும் பெயர்த்திக்கு மாலையில் ஒரு மணி நேரம் தொலைக்காட்சித் திரையில் விளையாட அனுமதி உண்டு. அவள் விரும்பி ஆடுவது ‘சூப்பர் மாரியோ 64’. கியோட்டோ நகரத்து நிண்டெண்டோ நிறுவனத்தார் 1996-ஆம் ஆண்டில் வெளியிட்டது. மாரியோ என்னும் மீசைக்காரன் அரண்மனைச் சுவரிலுள்ள ஓவியங்களுக்குள் குதித்து, வெவ்வேறு உலகங்களில் விண்மீன்களைத் தேடுகிறான். அவ்வுலகங்களுள் இரண்டாவது ஒரு கற்கோட்டை.

கோட்டையில் வழிமறிப்பவை வோம்ப் எனப்படும் கற்பலகைகள். கனத்த பாளம் ஒன்று; அதில் சினந்த முகம், குறுகிய கைகால்கள். அருகில் சென்றால் முகங்குப்புற விழுந்து நசுக்கப் பார்க்கும். விழுந்தபின் சட்டென எழ அதனால் இயலாது. அந்நேரம் பார்த்து முதுகின்மேல் ஏறி, எழும்பி ஓங்கி மோதினால் நொறுங்கிவிடும். பெரிய வீரமில்லை, பொறுமை போதும்.

உச்சியில் இருக்கிறான் அவற்றின் அரசன். அவன் உடனே தாக்குவதில்லை, முதலில் முறையிடுகிறான். உங்கள் வீடுகளும் கோட்டைகளும் எங்களால் ஆனவை, சாலைகளில் கிடப்பவரும் நாங்களே, எங்களை மிதித்து நடக்கிறீர்களேயன்றி நன்றி சொன்னதில்லை என்ற பொருள்படப் பேசுகிறான். அதற்கு மறுமொழி கூற ஆட்டத்தில் வழியில்லை. மூன்று முறை அவன் முதுகில் மோதி வீழ்த்தினால் விண்மீன் கிட்டும்.

“தாத்தா, அவன் சொல்வது நியாயந்தானே? பிறகு ஏன் அவனை அடிக்க வேண்டும்?” என்றாள் குழந்தை.

விளையாட்டுத்தானே என்று சொல்லித் தப்பியிருக்கலாம். மனம் வரவில்லை. எங்கள் வீட்டுச் சன்னலுக்கு எதிரே அடுக்குமாடி ஒன்று எழும்பிக்கொண்டிருந்தது. பீகாரிலிருந்து வந்த குடும்பங்கள் தகரக் கொட்டகையில் தங்கி, கல்லும் மண்ணும் சுமந்தன. நாமும் பிழைக்க வந்தவர்களே. நாம் வந்தது கோப்புகளைப் புரட்ட. அவர்கள் வந்தது கூடையைச் சுமக்க. வேறுபாடு அவ்வளவே. கட்டடம் முடிந்ததும் கொட்டகை பிரிக்கப்பட்டது. குடியேற வந்தவர்களுக்கு அவர்கள் முகமும் தெரியாது.

“நியாயந்தான் அம்மா. அவனுக்குப் பதில் சொல்ல இந்த ஆட்டத்தில் இடம் வைக்கவில்லை. நமக்கு வெளியே இடம் இருக்கிறது” என்றேன்.

ஆட்டத்தில் இன்னொரு செய்தியும் உண்டு. அரசனை வீழ்த்திவிட்டு மறுமுறை அக்கோட்டைக்குச் சென்றால், அவன் நின்ற உச்சியில் ஒரு கோபுரம் எழுந்து நிற்கிறது. அது எந்தக் கல்லால் ஆயிற்று என்று குழந்தை கேட்டாள். நான் அதற்கு விடை கூறவில்லை, அவளே ஊகித்துக்கொண்டாள்.

நம் சங்க வாயிலில் நன்கொடையாளர் பெயர் பொறித்த சலவைக்கல் உள்ளதை அன்பர்கள் அறிவர். வேண்டியதுதான்; கொடுத்தவரை மறக்கலாகாது. அதன் அடியில் ஒரு வரிக்கு இடமிருக்கிறது. மண்டபத்தைக் கட்டிய கொத்தனார்களையும் சித்தாள்களையும் அவ்வரியில் நினைவுகூரலாம் என்பது என் விண்ணப்பம். செயற்குழு அருள்கூர்ந்து எண்ணிப் பார்க்கட்டும்.