ஒரு கழித்தல் குறி
வெற்றிலைத் தோட்டங்கள் நிறைஞ்ச எங்கட களுதாவளையில, ஏ.எல். ஐ.சி.டி. பிள்ளைகளுக்கு லினக்ஸ் சொல்லிக் குடுக்கேக்க நான் ஆசையாகக் காட்டுற விசயம் இது.

ஒரு புரோக்ராம் தனக்குக் கீழ பல புரோசஸ்களைத் தொடங்கும். தாய் புரோசஸை மட்டும் நிறுத்தினால், பிள்ளை புரோசஸ்கள் பின்னணியில ஓடிக்கொண்டே இருக்கலாம், மெமரியும் விடுபடாது. தாயும் பிள்ளைகளும் வழமையா ஒரே புரோசஸ் குழுவில இருக்கும். அந்தக் குழு எண்ணுக்கு முன்னால ஒரு கழித்தல் குறி போட்டு, ‘கில் -15 -4210’ என்று அடியுங்கோ; 15 சிக்னல் எண், 4210 குழு எண். சிக்னல் அந்தக் குழு முழுவதற்கும் போகும். கொன்ட்ரோல்-சி அமத்தினாலும் அப்படித்தான்: டெர்மினலில முன்னணியில நிக்கிற முழுக் குழுவுக்கும் 2ஆம் சிக்னல்.

பிள்ளைகள், எப்பவும் முதல்ல 15. ஃபைலைச் சேமிச்சு மூட அது அவகாசம் தரும். 9 தராது, அது கடைசி வழி.

இந்த ஒழுங்கு கைவந்த பிள்ளையிட்ட ஒரு சேர்வரை நம்பிக் குடுக்கலாம்.